இதை மூடாதே

ஓட்டமாவடி
13.01.2025

அன்புத் தம்பி றுஸ்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தடிமன் மாறிவிட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடி. குளிசை போட்டுக்கொண்டு திரியாதே. நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். இதைச் சும்மா வாய்க்கு வந்ததற்காக எழுதவில்லை.

போனில் பேசாமல் ராத்தா கடிதம் எழுதுகிறாளே, என்ன பிடித்தது என்று யோசிப்பாய். கடைசியில் சொல்லலாம் என்றுதான் தொடங்கினேன், ஆனால் எனக்குப் பொறுமையில்லை.

டிசம்பரில் நீ அனுப்பிய போன் பார்வைக்கு நல்ல போன்தான். திறந்தால் நாலே நாலு பெரிய படம், குழப்பமில்லை. மகள் ஷாகிராவின் கையில் ஒட்டியிருக்கும் சென்சர் அவளுடைய இரத்தத்துச் சீனி அளவை அதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் போன் கத்தும். பழைய போன் கத்தினால் பக்கத்து வீடும் எழும்பும், உனக்குத் தெரியும்தானே.

போன வியாழக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். நன்றாகத் தூங்கட்டும் என்று போனில் குர்ஆனின் யாஸீன் ஓதலைப் போட்டு அவளுடைய தலைமாட்டில் வைத்தேன். நான் தையல் மெஷினில் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஓதல் முடிய முடியத் திரும்பவும் தொடங்கியது. அஸர் தொழ எழுப்பலாம் என்று போனால், பிள்ளை தலையணையோடு நனைந்து கிடக்கிறாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன், முப்பத்தெட்டு. தேனை எடுத்துப் பல் முரசிலே தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே கத்தினேன். அவ்வளவு நேரமும் போன் ஓதிக்கொண்டே இருந்தது.

இப்போது நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். ஆனால் சீனி பார்க்கும் செயலி மூடிக் கிடந்தது, றுஸ்தி. லொறியை வழியில் விட்டுவிட்டு ஓடி வந்த உன் மச்சான் றம்ஸீன் கேட்ட முதல் கேள்வி, "நீதான் எங்கயும் தட்டியிரிப்பாய். போன் தன்பாட்டுல மூடுமா?"

நான் மூடவில்லை என்று நினைக்கிறேன். என் விரல் பட்டதோ? நீ இந்தப் போன் வேலையில் இருப்பவன், நீயே சொல்.

இப்போது அந்தப் போனில் வேறு எதையும் திறக்க எனக்குப் பயம். யார் எடுத்தாலும் பேசுவதில்லை. ஆகவேதான் இந்தக் கடிதம்.

உன் ராத்தா,
நிஸ்றா

•

கொழும்பு
24.01.2025

அன்பு ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். தடிமன் மாறிவிட்டது. கடிதம் கிடைத்த நாளில் சாப்பாடு இறங்கவில்லை. ஷாகிராவுக்கு என் முத்தங்கள். இறைவன் பிள்ளையைத் திருப்பித் தந்தான்.

அந்தப் போன் ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்வதற்காகவே செய்யப்பட்டது. சீனிச் செயலி முன்னால் திறந்தபடியே இருக்கட்டும், அதன் மேல் வேறு எதையும் திறக்காதீர்கள். அப்படி இருந்தால் ஒரு பயமும் இல்லை.

அன்றைக்கு விரல் பட்டிருக்கலாம். யாருக்கும் நடக்கக்கூடியதுதான், அதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மச்சானிடமும் அப்படியே சொல்லுங்கள்.

அலுவலகத்தில் வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

துஆவுடன்,
தம்பி றுஸ்தி

•

ஓட்டமாவடி
03.02.2025

அன்புத் தம்பி,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. அரைப் பக்கம்தான், இருந்தாலும் மூன்று தரம் வாசித்தேன். இங்கே மழை விட்டபாடில்லை, ஆற்றங்கரைப் பக்கம் எல்லாம் வெள்ளம். ஷாகிராவுக்குச் சுகம். அளவு நேற்று முழுக்க நூற்றுப்பத்துக்கும் நூற்றைம்பதுக்கும் இடையில் நின்றது.

விரல் பட்டிருக்கலாம் என்று நீ எழுதியதை றம்ஸீனுக்கு வாசித்துக் காட்டினேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் சிரிப்பாய். போனை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் நிமிர்த்தி வைத்து, மூடியைப் போட்டு, மெஷினுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். எண் தெரியும், கை படாது. ஊசியில் நூல் கோர்க்க ஒரு பார்வை, போத்தலுக்கு ஒரு பார்வை. சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் மாதிரிப் படத்தைப் போனுக்கு அனுப்புகிறார்கள், நான் திறப்பதில்லை. "நிஸ்றாக்குப் பெருமை வந்திட்டு" என்று பேசிக்கொள்கிறார்களாம். என் கையைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது, தம்பி. பிள்ளைக்குத் தலை வாரும்போதுகூட இந்தக் கைதானே என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். விழுந்து உடைந்த பழைய போனில் கீழே ஒரு சின்னச் சதுரம் இருந்தது. அழுத்தினால் திறந்து கிடப்பதெல்லாம் வரிசையாக நிற்கும், எது இருக்கிறது எது இல்லை என்று பார்த்துக்கொள்ளலாம். இதில் அதைக் காணவில்லை. அதை எடுத்தது யார்? உனக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பார். அவருக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறதா என்றும் கேள்.

வேறு ஏதாவது போன் கிடைக்குமா?

ராத்தா

•

கொழும்பு
26.02.2025

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னியுங்கள். எனக்குச் சுகம்தான்.

அந்தச் சதுரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதை எடுத்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. ஏறாவூரில் ஒரு கடைக்கார அம்மா, அவருடைய போனில் எழுபத்திரண்டு செயலிகள் திறந்து கிடந்தன. போன் அடுப்பு மாதிரிச் சுட்டது. சதுரத்தை அழுத்தினால் எல்லாம் கண்முன்னால் ஓடும். உள்ளே யாரோ இருந்து தன்னைப் பார்ப்பதாக அவர் அழுதார். அப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போனைப் பராமரிக்கத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. போனே பார்த்துக்கொண்டால் அவர்களுக்கு நிம்மதி. அந்த நோக்கத்தில் செய்தது.

நோன்பு வருகிறது. ஷாகிரா பிடிக்கப் போகிறேன் என்று அடம்பிடிப்பாள், விடாதீர்கள். வைத்தியரிடம் கேட்காமல் அரை நோன்பும் வேண்டாம்.

றுஸ்தி

•

ஓட்டமாவடி
10.03.2025

றுஸ்திக்கு,

ஸலாம். ஒன்பதாம் நோன்பு. பிள்ளைக்குச் சுகம், அடம்பிடித்தாள், அடக்கிவிட்டேன்.

ஏறாவூர் அம்மாவைப் பற்றி எழுதினாய். பாவம்தான். அதை எடுத்தது யார் என்றதற்கும் வேறு போன் கிடைக்குமா என்றதற்கும் பதில் எழுதவில்லை.

நேற்று லுஹருக்குப் பிறகு, றம்ஸீன் வீட்டில் இருந்தபோது, ஷாகிராவை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். சீனிச் செயலியைத் திறந்தேன். அதன் மேல் சத்தமில்லாமல் யாஸீனைப் போட்டேன். போனை மேசையில் வைத்துவிட்டு, எட்டத்தில் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹை உருட்டினேன். மணியைப் பிடித்திருந்த விரல் வேறு எங்கே போகும்? ஒவ்வொரு சுற்று முடியவும் எழும்பிப் போய் எட்டிப் பார்த்தேன். போனின் மேல் ஓரத்தில் செயலியின் சின்னப் பச்சைப் புள்ளி இருந்தது. பத்தாம் சுற்றிலும் இருந்தது. பதினோராம் சுற்று முடித்துப் பார்த்தால் இல்லை. சுவர் மணிக்கூட்டில் இருபது நிமிடம்.

திரும்பவும் செய்தேன். பதினோராம் சுற்று. மூன்றாம் தரம் றம்ஸீன் தானே தஸ்பீஹை வாங்கி உருட்டினார். பதினோராம் சுற்று முடியத் தானே எழும்பிப் போய்ப் பார்த்தார்.

"தன்பாட்டுலதான் மூடுது," என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

என் விரல் இல்லை, றுஸ்தி. எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன், இன்னும் கூடப் பயம்தான் வந்தது. என் கை என்றால் கட்டி வைக்கலாம். இது எப்போது எதை மூட நினைக்கிறது என்று நான் எப்படிக் காவல் இருப்பது?

இது உனக்கு முன்னமே தெரியுமா?

நிஸ்றா

•

ஓட்டமாவடி
25.03.2025

றுஸ்திக்கு,

ஸலாம். பதில் இல்லை. உனக்குச் சுகமில்லையோ என்று பயந்தேன். சுகம்தான், அலுவலகம் போய்வருகிறாய் என்று லொறியில் கொழும்பு போன றம்ஸீன் விசாரித்து வந்து சொன்னார்.

நேற்று மட்டக்களப்புக்கு, பிள்ளைகளின் கிளினிக்குக்குப் போனோம். பக்கத்தில் சித்தாண்டியிலிருந்து சின்னத்தங்கம் என்று ஒருத்தி, வயல் வேலை செய்பவள். மகள் விதுர்ஷாவுக்கும் ஷாகிராவுக்கு இருப்பதுபோலவே சென்சர். மடியில் பார்த்தால் அதே போன், அதே நாலு படம். லேசாக இருக்கும் என்று கடையில் சொன்னார்களாம்.

நான் மெதுவாகக் கேட்டேன், "அக்கா, இது சில நேரம் தானா மூடிரும், தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "இவள்தான் படம் பாக்கப் போய் மூடிப்போடுறாள் எண்டு முந்தநாளும் அடிச்சுப்போட்டன் தங்கச்சி," என்றாள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, "நான் மூடல்ல எண்டு சொன்னன்தானே அம்மா," என்றது. சின்னத்தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனைதான். இன்னும் எத்தனை வீட்டில் யார் யாரை அடிக்கிறார்களோ? எந்தப் பிள்ளை இன்றைக்கு வேர்த்துக் கிடக்கிறதோ?

ஒரு வரியாவது எழுது.

ராத்தா

•

கொழும்பு
06.04.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வரவில்லை. வேலை என்று மச்சானுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். பொய்.

அந்தச் சதுரத்தை எடுத்தது நான்.

போன வருடம் ஒரு கூட்டம். பின்னால் கிடக்கும் செயலியை இருபது நிமிடத்தில் மூடிவிடலாம், ஆட்களிடம் கேட்கத் தேவையில்லை என்று பலகையில் எழுதியது என் கை. என்னோடு வேலை செய்யும் லக்ஷன், "மூடாம நிப்பாட்ட ஒரு பூட்டாவது வைப்பம், சில ஆக்களுக்குத் தேவைப்படும்," என்றான். "பூட்டு வெச்சா சாவியத் தேடுவாங்க மச்சான்," என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள். அந்தப் பெருமையில்தான் முதலில் விற்பனைக்கு வந்த போன்களில் ஒன்றை உங்களுக்கு வாங்கி அனுப்பினேன். பிள்ளையின் சென்சர் எனக்குத் தெரியும். ஆனால் அது என் நினைவுக்கே வரவில்லை. இதற்கு நான் சொல்ல எந்தச் சாட்டும் இல்லை.

உங்கள் முதல் கடிதத்தில் 'யாஸீன் ஓதலைப் போட்டு' என்ற இடத்துக்கு வந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மிச்சத்தையும் வாசித்து முடித்தேன். அதன்பிறகு உட்கார்ந்து 'விரல் பட்டிருக்கலாம்' என்று எழுதினேன். உங்களுடைய விரலை. வேறு போன் கேட்டீர்கள், அனுப்பினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அதையும் செய்யவில்லை. உங்களுக்குப் பயந்தேன், மச்சானுக்குப் பயந்தேன், வேலை போய்விடும் என்றும் பயந்தேன். பிள்ளைக்காகப் பயந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

இத்துடன் என் சொந்தப் போனை அனுப்புகிறேன். இது வேறு கம்பெனி, இதில் பூட்டு இருக்கிறது, பூட்டியே அனுப்பியிருக்கிறேன். மச்சானுக்குத் தனியாக ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

றுஸ்தி

•

ஓட்டமாவடி
19.05.2025

றுஸ்திக்கு,

ஸலாம். ஷாகிராவுக்குச் சுகம். எனக்குச் சுகமா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

ஆறு கிழமை எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான்.

எனக்கு உன் இரண்டாவது கடிதத்திலேயே சந்தேகம். ஏன் தெரியுமா? நீ யாரையும் திட்டவில்லை. கலியாண வீட்டில் புரியாணிக்கு உப்புக் குறைந்ததென்று சமையற்காரரைத் தேடிப்போய்த் திட்டியவன் நீ. மிச்சக் காசு தராத கண்டக்டரைப் பொலன்னறுவை வரைக்கும் திட்டிக்கொண்டு போனவன். உன் மருமகளை மௌத்தின் வாசல் வரைக்கும் கொண்டுபோன ஒருவனைப் பற்றி எழுதும்போது மட்டும் 'கெட்ட எண்ணத்தில் இல்லை' என்கிறாய். இருக்காது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதம் என் கைக்கு நானே பயந்து வாழ்ந்தேன். அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, வந்ததாகப் பொய் எழுதவும் மாட்டேன்.

றம்ஸீன் உன் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். அன்றைக்கு லொறிக்குப் போகவில்லை. அஸர் வரைக்கும் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எழும்பி வந்து, "அவன மட்டும் சொல்லி என்ன, நானும்தானே உன்ன நம்பல்ல," என்றார். அன்றைக்கு ராத்திரி கோப்பையைத் தள்ளவில்லை.

உன் போனைச் சின்னத்தங்கத்திடம் கொடுத்துவிட்டேன். நான் வீட்டில் இருந்து தைப்பவள், கண் வைத்திருக்கலாம். அவள் விடிய வயல் வட்டைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள், விதுர்ஷா தனியே இருக்கிறது. எங்கள் வீட்டில் நீ செய்த போனே இருக்கட்டும். போத்தலுக்குள் அதே இடத்தில்தான் இருக்கிறது. அது அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீ வேலைக்குப் போ.

ஏறாவூர் அம்மாவுக்குச் சதுரம் வேண்டாம் என்றால் வேண்டாம். அவவுக்கு நிம்மதி கொடு. எனக்குப் பூட்டைக் கொடு. ஒருத்திக்குத் தெரியாது என்பதற்காக இன்னொருத்தியின் கையைக் கட்டலாமா? பூட்டு வரும்வரைக்கும் எனக்குக் கடிதம் எழுதாதே.

நிஸ்றா

•

கொழும்பு
30.06.2025

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளையும் நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். பூட்டு வந்துவிட்டது, ஆகவே எழுதுகிறேன்.

மூன்று கூட்டத்தில் முடியாது என்றார்கள். ஒரு பூட்டை வைத்தால் பத்துக் கேள்வி வரும், எளிமை கெட்டுப்போகும் என்று நான் முன்பு சொன்ன வசனங்களையே எனக்குச் சொன்னார்கள். நாலாவது கூட்டத்துக்கு உங்கள் முதல் கடிதத்தைக் கொண்டுபோய், பெயர்களை விட்டுவிட்டு வாசித்தேன். தமிழ் தெரியாதவர்களுக்கு லக்ஷன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். தேன் தேய்த்த இடத்தில் நிறுத்தி, "மிச்சத்த நீயே சொல்லு மச்சான்," என்றான். சொன்னேன். பலகையில் எழுதியது யார் என்றும் சொன்னேன். என் இடத்தில் இப்போது லக்ஷன் இருக்கிறான், நான் அவனுக்குக் கீழே. அதுவே சரி.

போன் ஒருநாள் 'புதுப்பிக்கவா' என்று கேட்கும். மச்சான் வீட்டில் இருக்கும்போது ஓம் என்று அழுத்துங்கள். பிறகு கீழே இருந்து விரலை மேலே இழுத்தால் திறந்திருப்பவை வரிசையாக நிற்கும். சீனிச் செயலியின் மேல் சின்னப் பூட்டு இருக்கும். அழுத்தினால் 'இதை மூடாதே' என்று எழுத்து வரும். அந்த வசனம் நான் எழுதியது. தேவையில்லாதவர்களின் கண்ணில் அது படாது, ஏறாவூர் அம்மாவும் பயப்பட மாட்டார்.

என்னை நம்பாதீர்கள், ராத்தா. தஸ்பீஹை எடுங்கள்.

றுஸ்தி

•

ஓட்டமாவடி
21.07.2025

அன்புத் தம்பி றுஸ்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

பூட்டினேன். பிறகு சமையற்கட்டுக்குப் போய்வந்து, பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அன்றைக்கு எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை றம்ஸீன் ஜும்ஆ முடித்து வந்த பிறகு, போத்தலைத் திறந்து போனை எடுத்து யாஸீனைச் சத்தமாகப் போட்டேன், ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. ஓதல் தொடங்கியதுமே ஷாகிரா விறைத்துப் போனாள். "உம்மா, அத நிப்பாட்டுங்க," என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு மயக்கத்துக்குள்ளும் அவளுக்கு அது கேட்டிருக்கிறது, றுஸ்தி. இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஓதலைக் கேட்டுப் பயப்படுகிறது. நான் அழுதுகொண்டே அவளுடைய கையைப் பிடித்தேன், மற்றக் கையில் தஸ்பீஹ்.

பதினோராம் சுற்று முடிந்தது. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. றம்ஸீன் போய்ப் பார்த்து, "இரிக்கி," என்றார். இருபதாம் சுற்றிலும் இருந்தது.

இருபத்துநாலாம் சுற்றில், ஓதலின் நடுவே, போன் கத்தியது. மூன்று பேரும் துள்ளி எழும்பினோம். அறுபத்தொன்பது. பிள்ளை மத்தியானம் பாதிச் சோற்றை வைத்துவிட்டாள். றம்ஸீன் சீனித் தண்ணீர் கரைக்க ஓடினார், சீனிப் போத்தல் என்று நினைத்து உப்பை எடுத்து வந்து நின்றார். ஷாகிராதான் முதலில் சிரித்தாள். சீனித் தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரத்தில் அளவு ஏறியது. ஓதல் நிற்கவே இல்லை. முடியும்வரைக்கும் கேட்டோம்.

பூட்டு வந்ததைச் சின்னத்தங்கத்துக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். உன் போனைத் திருப்பித் தருகிறேன் என்றாள், வேண்டாம் வைத்துக்கொள் என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, இதே போனில் உனக்கு எடுப்பேன். ஏழு மாதத்துப் பேச்சு இருக்கிறது, திட்டு அதைவிடக் கூட இருக்கிறது. நடுவில் அது கத்தினால் ஒரு சொல்லும் சொல்லாமல் வைத்துவிடுவேன். நீ திரும்ப எடுக்காதே. பிள்ளையின் அளவு ஏறியதும் நானே எடுப்பேன். நான் எடுக்கும்வரைக்கும், என்ன நடக்கிறதென்று தெரியாமல், போனைப் பார்த்துக்கொண்டு பயந்தபடி இரு.

உன் ராத்தா,
நிஸ்றா